கடற்கரை இல்லாத ஊரிலிருந்து வரும் துவரை



காலையில் பருப்பு விலை கேட்டு போன் வந்தால், "எந்தத் துவரை?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறோம். நான் கடையில் உட்கார்ந்த புதிதில் இந்தக் கேள்விக்குப் பதில் குல்பர்கா, லாத்தூர், அகோலா என்ற ஊர்களோடு முடிந்துவிடும். இன்று பர்மா லெமன், தான்சானியா அருஷா, மொசாம்பிக் கஜரி, மலாவி, சூடான் என்று உலக வரைபடமே நம் விலைப் பட்டியலில் இருக்கிறது.

போன வருஷம் எங்கள் கிட்டங்கியில் வேலை பார்க்கும் பையன் சிட்டையில் எழுதிக்கொண்டே, "மலாவின்னா எங்கே இருக்கு, அண்ணாச்சி?" என்று கேட்டான். நாற்பது வருஷத்துக்கு மேல் பருப்பு வியாபாரம் செய்கிற எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் பேத்தியின் பள்ளிக்கூட அட்லஸைப் புரட்டினேன். ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம், நீளமான ஓர் ஏரியை ஒட்டி, ஒடுக்கமாக ஒரு நாடு. சுற்றிலும் மொசாம்பிக், தான்சானியா, சாம்பியா. கடற்கரை மட்டும் எந்தப் பக்கமும் இல்லை.

துறைமுகமே இல்லாத நாட்டிலிருந்து தூத்துக்குடிக்கும் நவசேவாவுக்கும் துவரை வருகிறதே, எப்படி வருகிறது, அதன் செலவை யார் தாங்குகிறார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். தெரிந்ததை நம் உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. இது எங்கோ உள்ள நாட்டின் கதைதான். ஆனாலும் நம் கல்லாப்பெட்டிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

32 நாடுகள்

வளரும் நாடுகளில் கடற்கரை இல்லாதவை என்று ஐக்கிய நாடுகள் சபை 32 நாடுகளைக் கணக்கில் வைத்திருக்கிறது. அவற்றில் 16 ஆப்பிரிக்காவில் உள்ளன. நம் பக்கத்து நேபாளமும் பூட்டானும்கூட அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை. பூட்டான் மட்டும் மிகவும் சின்ன நாடு. உலக மக்களில் சுமார் 7 சதம் பேர் இந்த 32 நாடுகளில் வாழ்கிறார்கள். உலக ஏற்றுமதியிலோ இவர்கள் பங்கு ஒரு சதத்தைச் சற்றே தாண்டுகிறது.

இந்த நாடுகளுக்காகவே 2003-ல் கசகஸ்தானின் அல்மாட்டியிலும், 2014-ல் வியன்னாவிலும், 2025 ஆகஸ்டில் துர்க்மெனிஸ்தானின் அவாசாவிலும் உலக மாநாடுகள் நடந்தன. 2034 வரைக்குமான ஒரு செயல்திட்டமும் இருக்கிறது. கடலுக்குப் போகவும் வரவும் இந்த நாடுகளுக்கு உரிமை உண்டு என்று 1982-ம் வருஷத்துக் கடல் சட்ட ஒப்பந்தமே சொல்லிவிட்டது. காகிதத்தில் உரிமைக்குக் குறைவில்லை. லாரி நகருகிறதா என்பதுதான் கேள்வி.

1986-ல் நின்ற எங்கள் லாரி

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. 1986-ல் பொங்கலுக்கு முன்னால் குல்பர்காவிலிருந்து எங்களுக்கு 100 மூட்டை துவரம் பருப்பு ஏற்றிய லாரி ஒன்று கிளம்பியது. வழியில் ஒரு மாநில எல்லைச் செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். பில்டியில் 100 மூட்டை, எடைச்சீட்டில் 98 மூட்டை என்று இருந்ததாம். எழுதியவர் கைப்பிழை. அப்பா ராத்திரி பஸ் பிடித்துப் போனார். அன்று அதிகாரி இல்லை. மறுநாள் விடுமுறை. அதற்கு அடுத்த நாள் முத்திரை போட வேண்டியவர் வேறு ஊரில் இருந்தார். நாலாம் நாள் லாரி நகர்ந்தது. சரக்கு விருதுநகர் வந்து சேர்ந்தபோது பொங்கல் வியாபாரம் முடிந்திருந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. "விலை இறங்கினதுகூடப் பரவாயில்லப்பா. நம்மை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவங்க வேற கடையில வாங்கிட்டாங்க. அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வர ரெண்டு வருஷம் ஆகும்" என்றார். அவர் சொன்னபடியேதான் ஆயிற்று.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லைச் செக்போஸ்ட்டுகள் எடுக்கப்பட்டன. ஜி.எஸ்.டி.யைப் பற்றி நமக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் அந்தச் செக்போஸ்ட்டுகள் போனதில் வருத்தப்பட்ட வியாபாரி யாரையும் நான் பார்க்கவில்லை. கடற்கரை இல்லாத நாட்டு வியாபாரிக்கு இன்றைக்கும் ஒவ்வொரு லோடும் 1986-தான். அதுவும் அவனுக்கு எல்லை வேறு நாட்டு எல்லை; சட்டம் வேறு; பாஷை வேறு; பணம் வேறு.

தூரத்தைவிடத் தாமதம்

சரக்கு நின்றால் என்ன நஷ்டம் என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு கண்டெய்னரில் 24 டன் துவரை. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முதல் 14 லட்சத்து 40 ஆயிரம். வருஷத்துக்கு 18 சத வட்டி என்றால் ஒரு நாளைக்கு வட்டி மட்டும் சுமார் 710 ரூபாய். எல்லையிலும் துறைமுகத்திலும் சேர்த்து 20 நாள் நின்றால் 14,200 ரூபாய். கிலோவுக்குக் கிட்டத்தட்ட 60 பைசா. இதில் லாரி நிறுத்தக் கூலி இல்லை, துறைமுக டெமரேஜ் இல்லை, மழையில் நனைந்த மூட்டை இல்லை, ராத்திரிக் காவலுக்குக் கொடுத்தது இல்லை. வெறும் வட்டி மட்டும்.

பருப்பு மொத்த வியாபாரத்தில் கிலோவுக்கு 60 பைசா கையில் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்தப் பத்திரிகை படிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த 60 பைசாவைக் கொடுப்பது யார்? நம் விலையைப் பர்மாச் சரக்கும் நாட்டுச் சரக்கும் சேர்ந்து நிர்ணயிக்கின்றன. மலாவிக்காரருக்குச் செலவு அதிகம் என்பதற்காக நாம் ஒரு ரூபாய் கூட்டிக் கொடுக்கப் போவதில்லை. ஆகவே நம் துறைமுக விலையிலிருந்து கப்பல் வாடகை, துறைமுகச் செலவு, லாரி, வட்டி எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் அங்குள்ள விவசாயிக்கு. எல்லையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர் மடியிலிருந்துதான் போகிறது. அங்கே துவரைக்கு நந்தோலோ என்று பெயர். மக்காச்சோளத்துக்கு ஊடு பயிராகச் சின்னச் சின்ன நிலங்களில் போடுகிறார்கள்.

காலக் கணக்கு இன்னொன்றும் உண்டு. மலாவித் துவரை ஜூலை முதல் செப்டம்பர் வரை அறுவடை ஆகிறது. நம் நாட்டுப் புதுத் துவரை டிசம்பர், ஜனவரிக்குப் பிறகுதான் பெருவாரியாக மண்டிக்கு வரும். அதற்கு முன் உள்ள மூன்று நான்கு மாதம்தான் ஆப்பிரிக்கத் துவரைக்கு நல்ல காலம். அந்த இடைவெளியில் வந்து சேர்ந்தால் விலை உண்டு. தாமதமாகி நம் புதுச் சரக்கோடு சேர்ந்து இறங்கினால் எங்கள் பொங்கல் பருப்பின் கதிதான்.

நாலு வழி, நாலிலும் தொல்லை

மலாவி வியாபாரிக்குக் கடலுக்குப் போக நாலு வழி உண்டு. வியாபார நகரமான பிளாண்டயரிலிருந்து கிழக்கே சுமார் 800 கிலோமீட்டரில் மொசாம்பிக்கின் நகாலா துறைமுகம். இயற்கையிலேயே ஆழமானது, ரயில் பாதையும் உண்டு. தெற்கே அதே மொசாம்பிக்கின் பெய்ரா. வடக்கே தான்சானியாவின் தாருஸ்ஸலாம். தலைநகர் லிலாங்வேயிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல். கடைசியாகத் தென் ஆப்பிரிக்காவின் டர்பன். பல எல்லைகள் தாண்டி 2,000 கிலோமீட்டருக்கு மேல்.

நாலு வழி இருக்கிறதே என்று தோன்றும். மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். எண்பதுகளின் நடுவில் நகாலா, பெய்ரா இரண்டு ரயில் பாதைகளும் அறுந்துபோயின. மலாவியின் சரக்கெல்லாம் டர்பனைச் சுற்றிப் போக வேண்டி வந்தது. சண்டை வேறு நாட்டில். லாரி வாடகை மலாவிக்காரருக்கு.

போர் முடிந்த பிறகு இயற்கை சோதித்தது. 1997 வெள்ளத்தில் ஷயர் ஆற்றின் மேல் சிரோமோ என்னுமிடத்தில் இருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அந்த ஒரு பாலம் போனதால் பெய்ரா பக்கம் போகும் தெற்கு ரயில் பாதை இருபது வருஷத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது. 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா நகரையே புரட்டிப் போட்டது. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தெற்கு மலாவியில் ஆயிரம் பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. சாலைகளையும் பாலங்களையும் அரித்துக்கொண்டு போனது.

மனிதர்கள் செய்யும் தடங்கலும் குறைவில்லை. 2023 கடைசியில் நகாலா துறைமுகத்தில் துவரை ஏற்றுமதியாளர்களுக்குள் வழக்கும் தகராறும் ஏற்பட்டு, இந்தியாவுக்கு வர வேண்டிய சரக்கு தேங்கிவிட்டது. நம் அரசாங்கமே தலையிட்டுப் பேசும்படி ஆயிற்று. சரக்கு வருமா வராதா என்று நாம் தரகர்களுக்கு மாற்றி மாற்றி போன் போட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். 2025 மார்ச்சில் மலாவி சில விளைபொருள்கள் வெளியிலிருந்து வருவதை நிறுத்தியது. ஏப்ரலில் தான்சானியா பதிலுக்கு மலாவியின் விளைபொருள்களுக்குத் தடை போட்டது. பேச்சு நடந்து சீக்கிரமே சரியாகிவிட்டது என்றாலும், வழியில் லோடு வைத்திருந்தவர் அத்தனை நாளும் தூங்கியிருக்க மாட்டார்.

நிலைத்து நிற்கும் வழி

மாநாடுகளில் நிலைத்த போக்குவரத்து என்று ஒரு வார்த்தையை அதிகம் சொல்கிறார்கள். புகை குறைய வேண்டும் என்பது அதில் ஒரு பாதி. மலாவி டீசல் முழுவதையும் வெளியிலிருந்து வாங்குகிறது. அந்த டீசலும் இதே எல்லைகளைத் தாண்டி, இதே சாலைகளில்தான் வர வேண்டும். அதற்கு டாலர் வேண்டும். டாலருக்குப் புகையிலையும் துவரையும் விற்க வேண்டும். அதை ஏற்றிப் போக மறுபடி டீசல் வேண்டும். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ரயில் உதவும். ஒரு டன் சரக்குக்கு ரயில் குடிக்கும் எண்ணெய் லாரியைவிட மிகக் குறைவு.

மொசாம்பிக்கின் உள்பகுதியில் டேடே மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அந்த நிலக்கரி நகாலாவுக்குப் போக நேர்வழி மலாவிக்குள்தான். ஆகவே ஒரு பிரேசில் நிறுவனம் சுமார் 900 கிலோமீட்டர் ரயில் பாதையைப் புதிதாகவும் பழையதைச் செப்பனிட்டும் மலாவி வழியாகவே அமைத்தது. 2022-ல் ஓர் இந்தியத் தொழில் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் சுரங்கத்தையும் பாதையையும் வாங்கியது. வழி கேட்டு நின்ற நாடு இங்கே வழி கொடுக்கும் நாடாகிவிட்டது. நிலக்கரிக்காகப் போட்ட பாதையில் பருப்புக்கும் உரத்துக்கும் எத்தனை வண்டி கிடைக்கிறது என்பதில்தான் சிறு வியாபாரியின் நன்மை இருக்கிறது.

எத்தியோப்பியா இன்னும் ஒரு படி போனது. 1993-ல் எரித்திரியா தனி நாடானதும் எத்தியோப்பியாவின் கடற்கரை போய்விட்டது. சரக்கில் பெரும்பகுதி ஜிபூட்டி துறைமுகம் வழியாகத்தான். அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டிக்கு சுமார் 750 கிலோமீட்டர் மின்சார ரயில் போட்டு, 2018 முதல் முழு அளவில் ஓட்டத் தொடங்கினார்கள். அணைகளிலிருந்து கிடைக்கும் சொந்த மின்சாரம். டாலர் கொடுத்து எண்ணெய் வாங்க வேண்டியதில்லை.

மறு பாதி, புயலுக்கும் வெள்ளத்துக்கும் தாங்குகிற பாலம். அடுத்த வெள்ளத்தில் போய்விடும் பாலத்தை எத்தனை சிக்கனமாகக் கட்டினாலும் அது நஷ்டக் கணக்குதான்.

சாலையைவிட மலிவான வைத்தியம்

எல்லாவற்றுக்கும் கோடி கோடியாகப் பணம் வேண்டும் என்பதில்லை. சாம்பியாவும் சிம்பாப்வேயும் இரண்டுமே கடற்கரை இல்லாத நாடுகள். அவற்றின் நடுவே சிருண்டு எல்லையில், வெளியேற ஒரு வரிசை, உள்ளே நுழைய ஒரு வரிசை என்று லாரிகள் நாள்கணக்கில் நிற்கும். 2009 டிசம்பரில் இரண்டு நாட்டு அதிகாரிகளையும் ஒரே கட்டடத்தில் உட்கார வைத்தார்கள். லாரி ஒரு முறை நின்றால் போதும். ஆப்பிரிக்காவில் இந்த மாதிரி முதல் எல்லைச் சாவடி அதுதான். பிறகு மற்ற நாடுகளும் அதைப் பின்பற்றின.

கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும் உகாண்டா சரக்குக்கு 2014 முதல் துறைமுகத்திலேயே உகாண்டா சுங்கவரியைக் கட்டிவிடும் ஏற்பாடு வந்தது. அதற்கு முன் கம்பாலா போய்ச் சேர 18 நாள் ஆன சரக்கு 4 நாளில் போகத் தொடங்கியதாகக் கணக்குச் சொல்கிறார்கள். சாலை பெரும்பாலும் அதே சாலை. குறைந்தது காகிதமும் காத்திருப்பும்.

நம் வாசலிலும் உதாரணம் இருக்கிறது. நேபாளத்தின் கடல் சரக்கு கொல்கத்தாவில் இறங்கி ரக்சால் வழியாகப் போகிறது. 2004-ல் எல்லையை அடுத்து பீர்கஞ்சில் ரயில் நேரே உள்ளே போகும் உலர் துறைமுகம் திறக்கப்பட்டது. 2016-ல் விசாகப்பட்டினமும் சேர்ந்தது. கண்டெய்னர் பூட்டில் மின்னணுக் கருவி மாட்டி, வழி நெடுகக் கண்காணிக்கும் முறையும் வந்தது. 2019-ல் மோத்திஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் போட்டதால் டேங்கர் லாரிகளின் ஓட்டம் குறைந்தது.

ஆனால் அதே நேபாளத்தில் 1989-ல் ஒப்பந்தத் தகராறில் பெரும்பாலான எல்லை வாசல்கள் மூடப்பட்டபோதும், 2015 செப்டம்பர் முதல் பல மாதம் எல்லையில் சரக்கு தடைப்பட்டபோதும், கடைக்காரருக்கு மண்ணெண்ணெயும் இல்லை, காஸும் இல்லை. யார் பக்கம் நியாயம் என்பது அரசியல். விற்கச் சரக்கில்லாமல் கடை திறந்து உட்கார்ந்திருப்பவனின் நிலை நமக்குத் தெரியும்.

நாம் மூடிய வாசல்

இதுவரை மற்றவர்கள் அடைத்த வழிகளைச் சொன்னேன். நாமும் ஒன்றை அடைத்தோம். 2015-ல் மழை பொய்த்துத் துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. எங்கிருந்தாவது துவரை வராதா என்று தவித்தோம். ஆப்பிரிக்க விவசாயிகள் அந்த விலையைப் பார்த்து அதிகமாக விதைத்தார்கள். 2016-17-ல் நம் நாட்டிலும் அமோக விளைச்சல். விலை குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் கீழே விழுந்தது. நம் விவசாயியைக் காக்க 2017 ஆகஸ்டில் துவரை இறக்குமதிக்கு வருஷத்துக்கு 2 லட்சம் டன் என்று அரசு உச்சவரம்பு வைத்தது.

அந்த முடிவைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் விவசாயி கலங்கி நின்ற நேரம் அது. ஆனால் அந்த ஆகஸ்டில் மலாவியில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. மொசாம்பிக்குக்கு 2016-லேயே நம் அரசோடு ஒப்பந்தம் இருந்ததால் தனி ஒதுக்கீடு கிடைத்தது. மலாவிக்கு அப்போது அப்படி எதுவும் இல்லை. துவரையை இந்த அளவு சாப்பிடும் நாடு உலகில் இன்னொன்று கிடையாது. வேறு எங்கே கொண்டுபோய் விற்பார்கள்? அங்கே விலை விழுந்து விவசாயிகள் நொடித்துப் போனார்கள்.

அன்றைக்கு விலை ஏறாமல் இருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். கிட்டங்கியில் பழைய சரக்கு இருந்தது. அந்தப் பக்கம் ஒருவர் மூட்டையை வைத்துக்கொண்டு நிற்பார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. 1986-ல் செக்போஸ்ட்டில் நின்ற அப்பாவின் மகன் நான். எனக்காவது அது தோன்றியிருக்க வேண்டும்.

2021 மே மாதம் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அதே வருஷம் மலாவியோடும் ஒப்பந்தம் ஆயிற்று. 2021-22 முதல் 2025-26 வரை வருஷத்துக்கு 50,000 டன் துவரை. நல்ல காரியம். ஆனால் பொதுவான இறக்குமதிக்குக் காலக்கெடு, வருஷா வருஷம் மார்ச் 31 வரை என்றுதான் நீட்டிக்கப்பட்டு வந்தது. அந்த அறிவிப்பு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி அல்லது மார்ச்சில் வந்தது. மலாவி விவசாயி நவம்பர், டிசம்பரில் விதைக்கிறார். விதையை மண்ணில் போடும்போது, அறுவடைக்கு வாசல் திறந்திருக்குமா என்று அவருக்குத் தெரியாது.

நம் பங்கு

நாம் மலாவிக்குச் சாலை போட முடியாது. செய்யக்கூடியது சில உண்டு.

முதலாவது, இறக்குமதிக் காலக்கெடுவையும் வரியையும் விதைப்புக்கு முன்பே, அதாவது செப்டம்பருக்குள், அடுத்த வருஷம் முழுவதற்கும் அறிவிக்கும்படி நம் சங்கம் மத்திய அரசைக் கேட்க வேண்டும். இதனால் நம் விவசாயிக்கு நஷ்டம் இல்லை. எவ்வளவு வரலாம் என்பதை அரசே தீர்மானிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லட்டும். நமக்கும் சரக்கு இருப்பு வைக்கத் திட்டம் கிடைக்கும். திடீர் ஏற்றத்திலும் திடீர் இறக்கத்திலும் அடிபடுவது முதலில் சின்னக் கடைதான்.

இரண்டாவது, ஆப்பிரிக்கத் துவரை வாங்குகிற உறுப்பினர்கள் விலையை மட்டும் கேட்காமல், சரக்கு எந்தத் துறைமுகத்திலிருந்து என்றைக்குக் கப்பல் ஏறியது என்றும் தரகரிடம் கேளுங்கள். இன்னும் எல்லை தாண்டாத சரக்கை நம்பித் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

மூன்றாவது, பணம். பல எல்லை தாண்டி வந்த சரக்கில் ஏற்கெனவே நிறைய வட்டி ஏறியிருக்கிறது. அதற்கு மேல் நாமும் தவணை சொல்லி இழுத்தால் அந்தச் சுமை தரகர், ஏற்றுமதியாளர் என்று இறங்கிக் கடைசியில் விதைத்தவர் தலையில்தான் விழும். சொன்ன தேதியில் கொடுப்பது நம் தொழிலுக்கே மரியாதை.

அடுத்த பொதுக்குழுவில் முதல் யோசனையைத் தீர்மானமாகக் கொண்டுவர நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உறுப்பினர்கள் வந்து ஆதரவோ எதிர்ப்போ உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிட்டங்கிப் பையனுக்கு அட்லஸைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் தாண்டியா வருது?" என்றான். இப்போதெல்லாம் மலாவி மூட்டை இறக்கும்போது அவன் கொக்கியைக் கொஞ்சம் பார்த்துத்தான் போடுகிறான்.